35 ஆண்டுகள் மறைந்திருந்த வாரிசு

ஒன்றரை நிமிடத்துக்கு ஓர் அத்தியாயமாகக் கைப்பேசியில் ஓடும் குறுந்தொடர்களைப் பார்க்காத மாணவர்கள் இன்று குறைவு. சீனம், கொரியம், ஆங்கிலம் என்று மொழி மாறினாலும் கதை ஒன்றுதான். பெற்றோரை இழந்த பெண் சித்தப்பா வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். சித்தி ஏசுகிறாள், தங்கை முறைக்காரி கன்னத்தில் அறைகிறாள். எண்பதாவது அத்தியாயத்தில் கறுப்புக் காரில் ஒரு வழக்கறிஞர் வந்து இறங்குகிறார். அந்த வீடு, நிறுவனம், வங்கிப் பணம் எல்லாமே அவளுடையது என்று தெரிகிறது. அதுவரை ஏசியவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள்.

நானும் இந்தத் தொடர்களை விரும்பிப் பார்ப்பவள்தான். ஆனால் கணக்கியல் படிப்பதாலோ என்னவோ, ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அந்த வழக்கறிஞர் வராமலே போயிருந்தால்? அவள் கடைசிவரை பாத்திரம்தான் கழுவியிருப்பாள். சொத்து அவளுடையதாகவே இருந்திருக்கும், அவளுக்கு மட்டும் அது தெரிந்திருக்காது.

நிஜ வாழ்க்கையில் வழக்கறிஞர் தானாகக் காரில் வந்து இறங்குவதில்லை. நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். அப்படித் தேடிப் போன ஒரு பெண்ணின் கதை தமிழ்நாட்டின் ஊட்டியில் தொடங்கியது. அவர் பெயர் மேரி ராய்.

ஊட்டி வீடு

கேரளத்தின் கோட்டயம் பகுதியைச் சேர்ந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1933இல் பிறந்தவர் மேரி ராய். தந்தை பூச்சியியல் அறிஞர். மேரி சென்னை இராணி மேரி கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் வேலை பார்த்தபோது ஒரு வங்காளியைக் காதலித்து மணந்தார். கணவரின் குடிப்பழக்கத்தால் அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் இரண்டு சிறு குழந்தைகளுடன் அவர் வெளியேறினார். அந்தக் குழந்தைகளில் ஒருவர்தான் பின்னாளில் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் அருந்ததி ராய்.

போவதற்கு வேறு இடமில்லாமல், ஊட்டியில் தம் தந்தைக்குச் சொந்தமான ஒரு சிறு வீட்டில் மேரி குடியேறினார். தந்தை அப்போது உயிருடன் இல்லை. அவர் உயிலும் எழுதிவைக்கவில்லை. வீட்டுக்கு விரோதமாகத் திருமணம் செய்து, அதையும் முறித்துக்கொண்டு வந்து நிற்கும் மகள் குடும்பத்தின் கண்ணில் உரிமைக்காரி அல்ல. தாயும் அண்ணனும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: நம் சட்டப்படி மகளுக்கு அப்பன் சொத்தில் உரிமை கிடையாது.

அது பொய் மிரட்டல் அல்ல. அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1916இல் இயற்றிய கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம் அது. உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு, மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். திருமணத்தின்போது ஸ்ரீதனம் கொடுத்திருந்தால், ஏன், கொடுப்பதாக வாக்களித்திருந்தால்கூட, அதுவும் கிடையாது. கணவனை இழந்த பெண்ணுக்கோ உயிருள்ளவரை மட்டும் அனுபவிக்கும் உரிமை. மறுமணம் செய்துகொண்டால் அதுவும் போய்விடும்.

மேரி ஊட்டியில் ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தார். அவருக்குக் கிடைத்த பதில் எளிமையானது. அந்தச் சட்டம் பழைய திருவிதாங்கூருக்கு மட்டும்தான் பொருந்தும். ஊட்டி இருப்பது வேறு மாநிலத்தில். அவரை இங்கிருந்து அப்படி வெளியேற்ற முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை, தந்திரம் எதுவும் செய்யவில்லை. “எந்தச் சட்டம்? அது எந்த ஊரில் செல்லும்?” என்பதைத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். குடும்பத்தாரின் கையிலிருந்த ஒரே ஆயுதம் அதிலேயே மழுங்கிப்போனது.

ஒரு தேதியில் இருந்த உண்மை

பிறகு மேரி குழந்தைகளுடன் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பினார். 1967இல் கோட்டயத்தில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். இன்று அது ‘பள்ளிக்கூடம்’ என்ற பெயரிலேயே புகழ்பெற்று விளங்குகிறது. சொந்தக் காலில் நின்ற பிறகுதான் பழைய கணக்கைக் கையில் எடுத்தார். 1983இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தார். மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் என்பது அரசியலமைப்புச் சட்டம் தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்பது அவருடைய வாதம்.

1986 பிப்ரவரி 24ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி பி.என். பகவதியும் நீதிபதி ஆர்.எஸ். பதக்கும் வழங்கிய அந்தத் தீர்ப்பில் ஒரு வியப்பு இருந்தது. 1916ஆம் ஆண்டுச் சட்டம் சமத்துவத்துக்கு எதிரானதா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. போகத் தேவையில்லை என்றது. காரணம், அந்தச் சட்டம் ஏற்கெனவே உயிரோடு இல்லை!

திருவிதாங்கூரும் கொச்சியும் இந்தியாவுடன் இணைந்த பிறகு, நாட்டின் பொதுச் சட்டங்கள் பலவற்றை அந்தப் பகுதிகளுக்கும் நீட்டிக்கும் ஒரு சட்டம் 1951இல் வந்தது. அந்தப் பட்டியலில் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் இருந்தது. அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே 1951 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் என்ன பொருள்? ஊட்டி வீட்டு வாசலில் நின்று “உனக்கு உரிமையில்லை” என்று சொன்ன அந்த நாளிலேயே மேரி ராய் சம பங்குள்ள வாரிசு. அவர் மட்டுமல்ல. 1951க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களின் மகள்கள் எல்லோருமே வாரிசுகள். ஐயாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்டவர்களும், ஒன்றுமே இல்லாமல் அனுப்பப்பட்டவர்களும் உண்மையில் சம உரிமைக்காரர்கள். 1951 முதல் 1986 வரை 35 ஆண்டுகள் இது பலருக்குத் தெரியாது.  குறுந்தொடர்களில் ஒரு வீட்டுக்கு ஒரு மறைந்த வாரிசுதான் இருப்பாள். இங்கே ஒரு சமுதாயம் முழுக்க இருந்தார்கள்.

வென்ற பிறகும் கதை முடியவில்லை

தொடர் என்றால் தீர்ப்போடு ‘முற்றும்’ போட்டிருப்பார்கள். நிஜத்தில் அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி வந்தது. பழைய பாகப்பிரிவினைகள் எல்லாம் கலைந்துபோகும், குடும்பங்கள் நீதிமன்றத்தில் நிற்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. தீர்ப்பு பழைய காலத்துக்கும் செல்லும் என்பதை மாற்ற 1990களில் ஒரு மசோதாவே தயாரானது. அது சட்டமாகவில்லை. மகளுக்குப் பங்கு போகக் கூடாது என்று உயில் எழுதிவைத்த தந்தைகளும் உண்டு. மேரி ராய்க்கே தம் பங்கு கைக்கு வர, தீர்ப்புக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2022 செப்டம்பர் 1ஆம் தேதி அவர் காலமானார்.

இந்து குடும்பங்களிலும் இதே போராட்டம் நீண்டது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று பெரியார் நடத்திய செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்ட ஆண்டு 1929. மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989இல். இந்தியா முழுவதற்கும் அது வந்தது 2005இல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அறுபது ஆண்டுகள்.

நம் நாட்டில் நிலை என்ன?

இதைப் படிக்கும் ஜொகூர் மாணவர்கள் “அது இந்தியா, நமக்கென்ன?” என்று கேட்கலாம். நமக்கு இந்தச் சட்டப் போராட்டம் தேவைப்படவில்லை என்பது உண்மை. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அதில் மகன், மகள் என்ற வேறுபாடே இல்லை. மணமான மகள், மணமாகாத மகள் என்ற வேறுபாடும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 300,000 ரிங்கிட் மதிப்புள்ள வீட்டை விட்டுச் செல்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100,000 ரிங்கிட். மீதி 200,000 ரிங்கிட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு ஏறக்குறைய 66,667 ரிங்கிட். இறந்தவரின் தாய் உயிருடன் இருந்தால் கணக்கு மாறும். தாய்க்கு நான்கில் ஒரு பங்கு 75,000, மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு 75,000, பிள்ளைகளுக்குப் பாதி 150,000. மகளுக்கு 50,000 ரிங்கிட், ஒவ்வொரு மகனுக்கும் அதே 50,000 ரிங்கிட்.

இச்சட்டத்திலும் ஒரு காலத்தில் குறை இருந்தது. மனைவி இறந்தால் அவர் சொத்து முழுவதும் கணவனுக்கே போனது. 1997ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை மாற்றி, கணவன் மனைவி இருவருக்கும் ஒரே அளவைக் கொண்டுவந்தது.

ஆக, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் வீடுகளில் வாரிசுகள் மறைக்கப்படுகிறார்கள். சட்டத்தை மறைக்க முடியாதபோது காகிதத்தை மறைக்கிறார்கள்.

எனக்கு அத்தை முறை வேண்டும் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். தோட்டத்தை விட்டு வெளிவந்த அவருடைய அப்பா, குளுவாங் பக்கத்தில் ஒரு சிறு வீடு வாங்கினார். அவர் இறந்து ஓராண்டு கழித்து அண்ணன்மார் மலாயில் அச்சடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். “ஒண்ணுமில்லம்மா, பேரு மாத்தறதுக்கு. இங்க ஒரு சைன் போடு” என்றார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்ட அத்தை, அண்ணன் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார். பல ஆண்டுகள் கழித்து, கணவர் கைவிட்ட பிறகு, இரண்டு பைகளுடன் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அண்ணி அவரை விருந்தாளியாகக்கூட நடத்தவில்லை. எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டார். சமையலறையில் யாருக்கும் முன்னால் சாப்பிட அத்தைக்குத் தயக்கம்.

அந்தத் தாளின் நகலை அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்த நான்தான் அதை அவருக்குப் படித்துச் சொன்னேன். தம் பங்கு முழுவதையும் அண்ணன்மாருக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பதாக அதில் எழுதியிருந்தது. அத்தை அழவில்லை. “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. கேக்கலையே” என்றார்.

அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. அத்தை இழந்தது ஒரு வீட்டின் பங்கை மட்டுமல்ல. கொடுப்பவளாக இருந்திருக்க வேண்டியவரை ஒட்டிக்கொண்டு இருப்பவளாக ஆக்கிவிட்டார்கள்.

வாரிசு மறையும் வழிகள்

கையெழுத்து ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

முதலாவது, கிராண்ட் எனப்படும் நிலப் பட்டா. அது மாமாவின் அலமாரியில் பூட்டியிருக்கும். தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியும் பெயர் மாறாமலே கிடக்கும். ஆனால் பட்டாவின் மூலப்பிரதி யார் கையில் இருக்கிறது என்பது உரிமையைத் தீர்மானிப்பதில்லை. நில வரிக் கட்டணச் சீட்டில் பட்டா எண், லாட் எண், முக்கிம் விவரங்கள் இருக்கும். அவற்றைக் கொண்டு மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். அலமாரிச் சாவி மாமாவிடமே இருக்கட்டும்.

இரண்டாவது, விண்ணப்பம். நிலமோ வீடோ உள்ள, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்போகாத, உயில் இல்லாத சொத்து ‘சிறு சொத்து’ என்ற வகையில் வரும். 2024 ஜூலைக்கு முன்பு இந்த வரம்பு 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்தது. ஆகவே நம் குடும்பங்கள் பெரும்பாலானவை இதற்குள்தான் அடங்கும். இதற்கு உயர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நில அலுவலகம் சார்ந்த புசாக்கா பங்கீட்டுப் பிரிவில் ‘போரங் ஏ’ பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால், விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். மூத்த மகன்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி எந்த விதியும் இல்லை. வாரிசுகளில் எவரும் விண்ணப்பிக்கலாம், கடைக்குட்டி மகளும்தான்.

மூன்றாவது, பெயர்ப் பட்டியல். அந்தப் பாரத்தில் எல்லா வாரிசுகளின் பெயரும் இருக்க வேண்டும். இறந்துபோன மகனின் பிள்ளைகள், வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத மகள் ஆகியோரின் பெயர்கள்தான் பெரும்பாலும் ‘மறந்து’ போகின்றன. அப்பா தாத்தாவுக்கு முன்பே இறந்திருந்தால், அப்பாவுக்கு வரவேண்டிய பங்கு பிள்ளைகளுக்கு வரும். 18 வயது ஆகவில்லை என்பதால் உரிமை இல்லாமல் போகாது. அந்தப் பங்கை அறங்காவலர் ஒருவர் காத்துவைக்க வேண்டும்.

நான்காவது, திருமணப் பதிவு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் ஊரறியத் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கணவர் இறந்து பங்கு கேட்கும் நாளில்தான் அந்தத் தாளின் அருமை தெரியும். மனைவி என்று நிரூபிப்பதே பெரும்பாடு. பிள்ளைகளின் உரிமையும் சிக்கலில் மாட்டும். தத்துப் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கைதான். வாய்ப் பேச்சில் வளர்த்தெடுத்தது சட்டத்தின் முன் தத்து ஆகாது.

ஐந்தாவது, உயில். உயில் இருந்தால் மேலே சொன்ன பங்குக் கணக்கு பொருந்தாது. ஒருவர் தம் சொத்தை விரும்பியவருக்கு எழுதலாம். ஆனாலும் வாழ்க்கைத் துணை, மணமாகாத மகள், வயது வராத மகன் போன்றோரை அறவே கைவிட்டிருந்தால், 1971ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் நீதிமன்றத்தை நாடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் தாமதிக்கக் கூடாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், தகுதியுள்ளவர்களுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது.

அண்ணனின் நியாயம்

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா அண்ணன்மாரையும் வில்லனாக்கிவிட வேண்டாம். அப்பாவின் கடைசிக் காலத்தில் மருத்துவமனைக்கு அலைந்தவர், வீட்டுக் கடனில் பாதியைத் தம் சம்பளத்திலிருந்து கட்டியவர், தங்கையின் திருமணத்துக்குக் கடன் வாங்கியவர் என்று எத்தனையோ அண்ணன்மார் இருக்கிறார்கள். “அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பினோமே” என்பதும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அந்தப் பேச்சில் உழைப்பின் வலி இருக்கிறது. பங்கீட்டுச் சட்டம் இந்த உழைப்பையெல்லாம் எடை போடுவதில்லை.

அதற்காகத்தான் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. வாரிசுகள் எல்லோரும் மனமொத்துப் போனால் வேறு விதமாகவும் பிரித்துக்கொள்ளலாம். தங்கை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கலாம். அண்ணன்மார் கூடி, வீட்டைத் தங்கைக்கே கொடுக்கலாம். விட்டுக்கொடுப்பது நம் குடும்பங்களின் பெருமை. ஆனால் தன்னிடம் இருப்பது என்னவென்று தெரிந்தவர்தான் எதையும் விட்டுக்கொடுக்க முடியும். தெரியாதவரிடமிருந்து வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

நம் தலைமுறையின் வேலை

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் படித்து வந்தவர்கள் நாம். வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதத்தைப் படித்துச் சொல்லும் வேலை பல குடும்பங்களில் நம்முடையதாகத்தான் இருக்கிறது. அந்த வேலையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். தாத்தாவின் நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அம்மா அப்பாவின் திருமணப் பதிவுத் தாள் எங்கே என்று கேளுங்கள். பாட்டியோ அத்தையோ எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், அதை எடுத்து அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். இழவு வீட்டில் கேட்டால் பேராசை என்பார்கள். எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டால் அது பொறுப்பு.

மேரி ராய்க்கு உரிமை இருந்ததை உலகம் அறிய 35 ஆண்டுகளும் உச்ச நீதிமன்றமும் தேவைப்பட்டன. நமக்கு வேண்டியது ஒரு நில வரிச் சீட்டும் ஒரு பாரமும்தான். 18 வயதில் உங்கள் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு யார் எந்தத் தாளை நீட்டினாலும், அண்ணனே நீட்டினாலும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்.